எலியெசருக்கு மனப்பாடமான வரி

1
இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு ஞாயிறு மதியம், சிலி நாட்டு அந்தோஃபகாஸ்தாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து. பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். என் வரி ஒன்றை ஒருவர் மனப்பாடமாகச் சொல்லிக் கேட்டது அன்றுதான். சந்தோஷப்பட முடியவில்லை.

2
முதல் தொடக்கம்: ‘கலாமாவில் சுரங்க லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்த எலியெசர், சிறுவயதிலேயே நட்சத்திரங்களைப் பார்த்து—’

(அடித்துவிட்டேன். கலாமாவில் எல்லோரும்தான் நட்சத்திரம் பார்க்கிறார்கள். பார்க்க வேறென்ன இருக்கிறது அந்தப் பாலைவன ஊரில்?)

இரண்டாவது தொடக்கம்: என் மனைவி நிவியாவும் எலியெசரும் ஒரே வகுப்பில் வானியல் படித்தார்கள். அவளுக்கு இங்கேயே பல்கலைக்கழக வேலை கிடைத்தது. அவன் முனைவர் பட்டத்துக்குப் பிறகு, இரண்டிரண்டு வருட ஒப்பந்தங்களில், ஒற்றைப் பெட்டியோடு நாடு நாடாக அலைந்தான். நாற்பத்தொரு வயதில் கடைசி வாய்ப்பு: இங்குள்ள பெரிய தொலைநோக்கியில் மூன்று இரவுகள் கிடைத்தால் ஓர் ஆய்வு நிறுவனம் அவனை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் இல்லை.

3
தொலைநோக்கி நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களில் பெயர் இருக்காது. மதிப்பிடுபவரின் பெயரும் வெளியே தெரியாது.* அந்த வருடம் நிவியா மதிப்பீட்டாளர். யாருடையதென்று தெரியாத ஒரு விண்ணப்பத்துக்கு, ‘நோக்கம் இன்னும் தெளிவாக வேண்டும்’ என்று எழுதியிருந்தாள்.

“சப்புனு இருக்கே,” என்றேன்.

“இது மதிப்பீடுப்பா, உன் கதையில்ல. நீ இதப் பாக்கவே கூடாது.”

“ஒரே ஒரு வரி. நகரு.”

நகர்ந்தாள். எழுதினேன்: ‘இவருக்கு வானம் தெரிகிறது, அதில் எதைத் தேடுகிறார் என்பதுதான் தெரியவில்லை.’

சிரித்தாள். அப்படியே அனுப்பினாள். தேர்வுக் குழுவிலும் சிரித்தார்களாம். சிரித்த கையோடு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டார்களாம்.

* நேர்மைக்காகச் செய்த ஏற்பாடு. ஓட்டை ஓர் எழுத்தாளக் கணவன் ரூபத்தில் வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

4
எலியெசர் இப்போது செப்புச் சுரங்கத்தில், எந்த லாரி எங்கே நிற்கிறது என்று கணினியில் பார்க்கிறான்.

“நல்ல வேலைடா மச்சான். லாரின்னா தேடினா கெடைச்சிருது,” என்றான், அந்த ஞாயிறு எங்கள் மேசையில். பிறகு கஸுவேலாக் குழம்பிலிருந்த சோளத்தைக் கடித்தபடி, நிராகரிப்புக் கடிதத்தில் வந்திருந்த அந்த வரியை ஒப்பித்தான். ஒரு சொல் பிசகவில்லை. காற்புள்ளி வந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டான்.

“அதை எழுதின கழுதை எவனோ, நல்லா எழுத வருதுடா அவனுக்கு. அதான் தாங்கல. உண்மையாத்தான் இருக்குமோன்னு தோணிருச்சு. அதுக்கப்புறம் நான் எங்கயுமே விண்ணப்பிக்கல.”

நிவியாவின் கரண்டி நடுவழியில் நின்றது.

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்றாள். அவன் கிண்ணம் நிறைந்திருந்தது.

5
முடிவு அ: சொல்லிவிடுகிறேன். நிவியாவின் வேலை போகிறது.

முடிவு ஆ: சொல்லவில்லை. என் வரியை நம்பிக்கொண்டே அவன் கிழவனாகிறான்.

முடிவு இ: அந்த விண்ணப்பம் உண்மையிலேயே மோசம். (இதை ஆசை ஆசையாக மூன்று பக்கம் எழுதினேன். நிவியா படித்தாள். “அது நல்ல விண்ணப்பம்ப்பா. எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான் இருந்துச்சு. இதக் கிழிச்சுப் போட்டுட்டு மத்த கதைய அவனுக்கே அனுப்பு. வேலை போனா போகட்டும்.”)

6
முடிவை வாசகரிடம் விடுவது எங்கள் தொழிலில் கோழைகளின் வழக்கம். நானும் விடுகிறேன். ஆனால் எல்லா வாசகரிடமும் அல்ல.

எலியெசர், இதற்குக் கீழே நீ எழுது. நான் கை வைக்க மாட்டேன். அதற்கு முன் ஒன்று: அந்த வரி மட்டும்தான் என்னுடையது. உன் விண்ணப்பத்தில் தலைப்பைக்கூட நான் படித்திருக்கவில்லை.