கடைசி அத்தியாயம் இல்லாத பிரதி

வீட்டின் மூத்த மருமகளான பெரியவளுக்கு வயிறு எரிகிறது என்பதை, அவள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், பலரும் கண்டுபிடித்துவிட்டார்கள். கேட்டால், தனக்கு அப்படி ஓர் உறுப்பே கிடையாது என்பது போல முகத்தை வைத்துக்கொள்வாள். காரணம் நூலக வாசலில் மாட்டியிருந்த கரும்பலகை.

அந்த நூலகத்தில் மாதம் ஒருமுறை சனிக்கிழமை மாலை வாசகர் வட்டம் கூடும். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து கருத்துச் சொல்வார்கள். மறுநாள் நூலகர் அம்மா அந்தக் கருத்துகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பலகையில் சாக்பீஸால் எழுதி, சொன்னவரின் பெயரையும் கீழே போடுவார். அது ஒரு மாதம் அங்கேயே இருக்கும். பேப்பர் படிக்க வருகிறவர், மழைக்கு ஒதுங்குகிறவர், கழிப்பறையைத் தேடி வருகிறவர் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பல வருடங்களாகப் பெரும்பாலும் அந்தப் பெயர் பெரியவளுடையதுதான்.

அவள் வேலை பார்ப்பதும் அங்கேதான். பின்பக்கத்து அறையில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து, ஒட்டி, அட்டை மாற்றிக் கொடுப்பாள். பசை காய்வதற்குள் பாதிப் புத்தகத்தைப் படித்துவிடுகிற ரகம். வீட்டில் அடுப்படி மாமியார் வசம், மாடி கொழுந்தன் வசம், டிவி ரிமோட் கணவன் வசம். கரும்பலகை மட்டும்தான் அவளுடையது. கணவனுக்கும் கொழுந்தனுக்கும் சேர்ந்து ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கக் கண்ணாடி போட்டுவிட்ட அந்த அண்ணன் தம்பி இருவரும் ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை.

சின்னவள் என்பவள் கொழுந்தனின் மனைவி. கல்யாணமாகி வந்த அடுத்த வருடமே அவளுக்குக் காதில் ஒரு குரல் கேட்க ஆரம்பித்து, மனநல மருத்துவமனையில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தாள். வந்ததிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாள், கொஞ்சம் உடம்பு போட்டிருக்கிறாள், மெதுவாகப் பேசுகிறாள். குரல் போய்விட்டது என்று டாக்டரிடமும் வீட்டிலும் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. மாமியார் மட்டும் கத்தியையும் கத்திரிக்கோலையும் பரண்மேல் வைத்துப் பூட்டிவிட்டு, வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் சாவியைத் தேடுவார்.

இந்த வருடம் நூலகர் அம்மா வட்டத்துக்கென்று எடுத்த புத்தகங்கள் எல்லாமே மனம் கலங்கியவர்களையும் விநோதமான மனம் படைத்தவர்களையும் பற்றியவை. பெரியவள் சின்னவளையும் கூட அழைத்துப் போனாள். "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறா, ஒரு மாறுதலா இருக்கும்" என்று எல்லோரிடமும் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் தான் பேசும்போது பக்கத்தில் ஒருத்தி வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

முதல் புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் மழை, நிலைக்கண்ணாடி, பறவை. பெரியவள் எழுந்து, "அக உலகத்தின் இருண்ட மூலைகளில் ஆசிரியர் கவித்துவத்தோடு பயணிக்கிறார்" என்று ஆரம்பித்து வெளுத்துக் கட்டினாள். ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் ஆமோதித்துத் தலையாட்டினார். மருந்துக்கடைக்காரர், தூங்கவில்லை என்று காட்டுவதற்காக, அவரைவிட வேகமாக ஆட்டினார். மரியாதைக்காக நூலகர் அம்மா சின்னவளையும் கேட்டார்.

சின்னவள் பிஸ்கட்டை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ஆனா பைத்தியம் பிடிக்கிறது இவ்வளவு அழகா இருந்தா, நான் எதுக்கு மாத்திரை சாப்பிடறேன்?"

வக்கீல் வெடித்துச் சிரித்தார், நூலகர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் பலகையில் அந்த வரி இருந்தது.

"உன் ஆளு போர்டுல ஏறிட்டாளாமே!" என்று அன்று சாப்பிடும்போது கணவன் கேட்டான்.

"ஆமா, சந்தோஷமான விஷயம்தானே," என்று பெரியவள் கரண்டியைச் சற்று ஓங்கியே பாத்திரத்தில் வைத்தாள்.

அடுத்தது ஒரு டாக்டர் தன் நோயாளிகளைப் பற்றி எழுதிய புத்தகம். "இதுல எல்லா நோயாளியும் டாக்டர் கேக்கிற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்றாங்க. ஒருத்தர்கூட பாத்ரூம் எங்க இருக்குன்னு கேக்கலை" என்றாள் சின்னவள். அதுவும் பலகையில் ஏறியது. அதற்கடுத்த மாதமும் அவள் பெயர்தான். பெரியவள் முன்வாசலை விட்டுவிட்டு, குப்பைத் தொட்டிகள் இருக்கும் பின்வாசல் வழியாக வேலைக்கு வர ஆரம்பித்தாள். தனியாக வந்தால், "அவங்க வரலையா?" என்று கேட்டார்கள். சின்னவளும் வந்தால் பெரியவள் வந்ததையே யாரும் கவனிக்கவில்லை. கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தவளே தான்தான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

தானும் அப்படிப் பட்டென்று பேசிப் பார்த்தாள். சுவரோடு பேசும் ஒரு கணக்காசிரியர் கதைக்கு, "இந்த ஆளுக்குப் பளார்னு ஒண்ணு விட்டா சரியாயிடும்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் வருத்தமாக, "அப்படியெல்லாம் அடிக்கக் கூடாதுங்க" என்றார். பெரியவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. படித்ததெல்லாம் நான், கண் வலிக்க வலிக்கப் படித்தது நான், இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டாள். எங்கிருந்து என்று தெரிந்துதான் இருந்தது. நமக்கும் ஒரு குரலாவது கேட்டிருக்கக் கூடாதா என்று ஒரு நாள் பசையைக் கிளறிக்கொண்டே நினைத்தாள். நினைத்த பிறகு பயந்துபோய், எழுந்து கதவுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

இந்த நிலைமையில்தான் லிஃப்ட் இயக்குபவனைப் பற்றிய நாவல் வந்தது. ஒரு பெரிய கட்டடத்தில் நாள் முழுக்க லிஃப்ட்டில் ஏறி இறங்குகிறவன் அவன். அவனுக்கு லிஃப்ட்டே கட்டளை போடுகிறது. மேலே போ, மொட்டை மாடிக்குப் போ, விளிம்பில் நில் என்கிறது. கடைசி அத்தியாயத்தில் ஒரு நாள் காலையில் கண் விழிக்கிறான், குரல் இல்லை. ஜன்னலைத் திறக்கிறான், வெயில் அடிக்கிறது, அவனுக்குப் பூரண குணம்.

வட்டத்துக்கென்று வாங்கியிருந்த பிரதிகளில் ஒன்று முதுகு பிளந்து பெரியவளின் மேசைக்கு வந்தது. தூக்கியதும் தைப்பு விட்டுப்போய், கடைசி ஃபாரம், ஒன்றாக மடித்துத் தைத்த தாள்கட்டு, முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதில் இருந்தது அந்தக் கடைசி அத்தியாயம் மட்டும்தான். அவள் ஊசியில் நூல் கோத்தாள். கோத்த நூலை உருவி எடுத்தாள். அந்தத் தாள்களை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, மீதியைத் தைத்து, பின்னட்டைக்கு உள்தாள் ஒட்டி, இஸ்திரி போட்டது போல அழுத்தி வைத்தாள். தடவிப் பார்த்தாலும் தெரியாது. முடிவு தெரியாமல் எழுந்து நின்று ஏதாவது உளறட்டும், ஒரே ஒரு தடவை உளறட்டும், அது போதும் என்று இருந்தது அவளுக்கு. அந்தப் பிரதியைத் தன் கையாலேயே சின்னவளிடம் கொடுத்தாள்.

சின்னவள் அதைப் படித்த வாரத்தில் வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. துணி மடிக்கும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். "புத்தகம் எப்படி இருக்கு?" என்று பெரியவள் கேட்டாள். "அங்க வந்து சொல்றேன்க்கா" என்றாள் சின்னவள், பரிசை ஒளித்து வைத்திருக்கும் பிள்ளை போல.

சனிக்கிழமை, கேட்பதற்கு முன்பே அவள் எழுந்து நின்றாள்.

"இதுவரைக்கும் படிச்ச புத்தகத்துல எல்லாம் ஒண்ணு அவங்க குணமாயிடறாங்க, இல்லைன்னா செத்துப்போறாங்க. அதுக்கு நடுவுல எங்களை மாதிரி ஆளு ஒருத்தரும் இல்லை. இதுலதான் முதல் தடவையா ஒருத்தன் அப்படியே இருக்கான். கடைசியில லிஃப்ட் மேலே போன்னு கத்துது. அவன் 'இரு, சாப்பிட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தறான். அவ்வளவுதான், கதை முடிஞ்சுது." அவள் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அது போகலை. வீட்டுல யாருக்கும் தெரியாது. போயிடுச்சுன்னு சொன்னாத்தான் நிம்மதியா இருப்பாங்கன்னு சொல்லிட்டேன். நானும் தினமும் அப்படித்தான், இருன்னு சொல்லிட்டுச் சமைக்கப் போறேன், துணி துவைக்கப் போறேன். இப்படி ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சதும் எனக்குத் துணைக்கு ஆள் கிடைச்ச மாதிரி இருந்துச்சு."

பெரியவள் எதிர்பார்த்த உளறல் இதில்லை. இவள் இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டா என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள் என்று திகைத்தாள். திகைப்பின் அடியில், இந்த மாதமும் பலகை அவளுக்குத்தான் என்ற எண்ணமும் வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தது.

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, நீங்க கடைசி அத்தியாயம் படிக்கலையா? குரல் போயிடுதே. ஜன்னலைத் திறக்கிறானே, வெயில் வருதே."

"இல்லையே சார். அப்படி ஒண்ணும் இல்லையே."

எல்லோரும் தங்கள் பிரதியின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருந்துக்கடைக்காரர் மிகவும் மென்மையாக, "மாத்திரையெல்லாம் நேரத்துக்கு எடுத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். அந்த நேரத்தில் அவர் வாயை ஒட்டிவிடலாம் போல இருந்தது பெரியவளுக்கு.

சின்னவள் தன் புத்தகத்தைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தாளை விரலால் தேய்த்தாள். அவள் முகத்தில் நிறம் இறங்கிக்கொண்டே போயிற்று. "நான் பார்த்தப்ப இல்லை... இப்பவும் இல்லை. உங்களுக்கெல்லாம் இருக்கு," என்றவள் பெரியவளின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க பாத்துச் சொல்லுங்க. இதுல இருக்கா? எனக்குத்தான் தெரியலையா?"

தோற்றுப்போவாள் என்றுதான் பெரியவள் கணக்குப் போட்டிருந்தாள். தன் கண்ணையே நம்பாமல் போவாள் என்று அவள் நினைக்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், கரும்பலகை திரும்பிவிடும். ஒரு வார்த்தை பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சின்னவளின் விரல் அந்தத் தாளைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"இல்லை," என்றாள் பெரியவள். "உன் பிரதியில அது இல்லை. உனக்கு ஒண்ணும் இல்லை. நான்தான் எடுத்தேன்."

"நூலகப் புத்தகத்தையா?" என்று வக்கீல் அலறிவிட்டார். மற்றதெல்லாம் அவருக்குப் பிறகுதான் உறைத்தது. நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "திங்கட்கிழமை என்னை வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். சின்னவள் நெஞ்சில் கை வைத்து ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. தொலைந்ததாக நினைத்த பிள்ளை பக்கத்து வீட்டில் கிடைத்துவிட்டது போல ஒரு தெம்பு இருந்தது.

இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வேறு வழியில்லை, ஒரே வீடு. தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. சலவைக் கடையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் சின்னவள் அரை அடி முன்னாலேயே நடந்தாள். திட்டினால் தேவலை என்று இருந்தது பெரியவளுக்கு.

"வீட்டுல குரல் விஷயத்தைச் சொல்லிடாதீங்க," என்றாள் சின்னவள் கடைசியில். "நானே சொல்லிக்கறேன்."

"சொல்ல மாட்டேன்."

"எதுக்குக்கா எடுத்தீங்க?"

பெரியவளுக்குப் பல காரணங்கள் நாக்கு நுனிவரை வந்தன. தைக்க மறந்துவிட்டேன், உன் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தேன், எலி கடித்துவிட்டது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"பொறாமை."

"யார் மேல?"

"உன் மேலதான், வேற யார் மேல? நீ வாயைத் திறந்தா எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு இருந்தது அந்தப் பலகை ஒண்ணுதான், அதையும் வந்த உடனே பிடுங்கிட்டே. உன்னைப் பார்த்தாலே எரியுது."

சின்னவள் நடையை நிறுத்திவிட்டாள். பெரியவளை ஏற இறங்கப் பார்த்தாள், ஏதோ கேலி செய்கிறாளோ என்று.

"என் மேலயா?"

"ஆமாங்கிறேன்."

"என்னைப் பார்த்து எல்லாரும் ஐயோ பாவம்னு சொல்லியிருக்காங்கக்கா. பயந்திருக்காங்க. அத்தை கத்தியை ஒளிச்சு வெக்கிறாங்க. என் தங்கச்சிகூட அவ புதுப் புடவையை எடுத்துக் காட்டறப்ப, 'உனக்கும் ஒரு நாள் எல்லாம் சரியாகும்'னுதான் சொல்லுவா. பொறாமையா?" அவள் குரல் கீச்சென்று உயர்ந்தது. "எப்பலேர்ந்து?"

"முதல் மாசத்துலேர்ந்து."

"நல்லா எரிஞ்சுதா?"

"நல்லா எரிஞ்சுது. இப்பவும் எரியுது."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு விரலிடுக்கு வழியாக வழிந்தது, கண்ணிலும் தண்ணீர் நிறைந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பதைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் பெரியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா," என்றாள்.