வரும்போதே காலாவதி

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னது. எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். இரண்டு நிபந்தனை போட்டாள். எழுதியதை அவள் படித்துத் திருத்துவாள். கடைசியில் ஒரு விஷயத்தை மட்டும் நான் மாற்றிவிட வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டினேன். கதை எழுதுகிறவன் தலையாட்டியதை நம்பி யாரும் உருப்பட்டதில்லை.

2

முதல் தொடக்கம்: "உறைபனிக் குகைபோன்ற அந்த அறையில், காலத்தை விழுங்கிய கரிய ராட்சதனாய் மெயின்பிரேம் —"

[ராட்சதனும் இல்லை, கறுப்பும் இல்லை. சாம்பல் கலர். நம்ம பீரோ உயரம். — அவள்]

சரி. பீரோ உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பழைய பெரிய கணினி. கல்லூரி இடங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. மாணவர்கள் வீட்டிலிருந்தே இணையதளத்தில் நுழைந்து தங்கள் இடத்தை உறுதிசெய்ய வேண்டும். மதியம் இரண்டு மணிக்குத் திறப்பு, ஐந்துக்கு மூடல். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. கெடுவை நீட்டிக்க மேலிடத்தின் கையெழுத்து வேண்டும். மேலிடம் அன்று விமானத்தில் இருந்தது.

இணையதளம் ஆளை அடையாளம் கண்டதும் ஒரு டோக்கன் கொடுக்கும். யாருக்கு, யார் கொடுத்தது, எத்தனை மணிவரை செல்லும் என்று அதில் எழுதி முத்திரை குத்தியிருக்கும். ஆயுள் ஐந்தே நிமிடம். மெயின்பிரேமின் வாசலில் நின்று அதைச் சரிபார்க்கிற நிரலை எழுதியவள் நம் கதாநாயகி. சோதனைக் கணினியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது.

இரண்டு மணிக்குத் திறந்தார்கள். ஈ காக்காய்கூட உள்ளே போக முடியவில்லை.

3

"அம்மா, டோக்கன் காலாவதின்னு வருது. இதோட பதினோரு தடவை."

"திரும்பப் போட்டுப் பாரும்மா."

"கொடுத்த அடுத்த செகண்டே காலாவதின்னா என்னம்மா அர்த்தம்? உன் மெஷினுக்கு என்மேல என்ன கோவம்?"

போனில் மகள். இரண்டு வருடம் மாடாக உழைத்து வாங்கிய கட்டடக்கலை இடம். ஐந்து மணிக்கு மேல் அது வேறு யாருடையதோ. அம்மா பதறிப்போனாள்.

[பதறலை. — அவள்]

[போனை ரெண்டு தடவை கீழே போட்டது யார்? — நான்]

மேலதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார். "மேடம், நேரம் பாக்குற அந்த ஒரு வரியை மட்டும் தூக்கிடுங்க. முத்திரை இருந்தா உள்ள விட்டுடலாம்."

"தூக்கினா, எங்கேயோ சுட்ட பழைய டோக்கனை வெச்சுக்கிட்டு எவனாவது வந்து அடுத்தவன் சீட்டை மாத்திட்டுப் போவான் சார். அப்புறம் காவல் எதுக்கு?"

"உங்க பொண்ணே வெளியிலதான் நிக்குதாமே?"

"அதனாலதான் சார் தூக்க மாட்டேங்கறேன்."

இந்த இடத்தில் அவளை ஒரு வீராங்கனையாக்கி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவள் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டாள்.

4

திருப்பி அனுப்பப்பட்ட ஒரு டோக்கனைப் பிரித்துப் பார்த்தாள். கொடுத்தது 3:40. செல்லுபடி 3:45 வரை. வந்து சேர்ந்தது 3:47. ஒரு நொடி தூரத்தைக் கடக்க ஏழு நிமிடமா? கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்: 3:40. கண்ணாடிக்கு அப்பால் இயந்திர அறையின் சுவரைப் பார்த்தாள். சுவர்க்கடிகாரம் 3:47 காட்டியது.

அந்த அறையின் பொறுப்பாளர், வருடம் முழுக்க ஸ்வெட்டரும் குல்லாயுமாக இருப்பவர். அலுவலகத்தில் அவருக்கு ஐஸ்பெட்டி என்று பெயர்.

"அண்ணே, போன ஞாயித்துக்கிழமை மெஷினை நிறுத்தி எழுப்பினப்போ மணி கேட்டுச்சே, எதைப் பாத்துக் கொடுத்தீங்க?"

"வேற எதைப் பாக்கறது? சுவத்தைத்தான். பதினாலு வருஷமா அதானேம்மா பழக்கம்."

பதினாலு வருடமாக மெயின்பிரேம் ஏழு நிமிடம் முந்தியே ஓடியிருக்கிறது. ஐந்து நிமிட ஆயுளோடு ஒருவரும் அதன் வாசலுக்கு வராததால் குட்டு வெளிப்படவில்லை.

மெயின்பிரேமின் மணியைப் பின்னால் தள்ளினால் போதாதா என்று நான் கேட்டேன். கூடாதாம். நடந்து முடிந்த ஏழு நிமிடம் இன்னொரு தடவை நடக்கும், பதிவேடெல்லாம் குழம்பும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உலகம் வந்து சேரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தார்கள். மணி நாலேகால்.

சும்மா இருக்கிற அதிகாரிக்குக் கேள்வி வரும். "ஆமா, அந்தக் கடிகாரத்தை யாருங்க முன்னால தள்ளி வெச்சது?"

ஐஸ்பெட்டி அண்ணன் கூரையைப் பார்த்தார்.

5

அவள்தான். பதினாலு வருடத்துக்கு முன்னால் நாற்காலிமேல் ஏறித் தள்ளி வைத்தாள், பிடித்துக்கொண்டவர் ஐஸ்பெட்டி. அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அலுவலகம் விடும். விடுவது ஐந்து மணிக்கு, எதிர் நிறுத்தத்தில் பேருந்து கிளம்புவதும் ஐந்துக்கு. அதை விட்டால் அடுத்தது நாற்பது நிமிடம் கழித்து. மூன்று வயது மகள் இருந்த குழந்தைகள் காப்பகம் ஐந்தரைக்குப் பூட்டிவிடும். அன்றிலிருந்து மொத்த அலுவலகமும் ஏழு நிமிடம் முன்னால் வீட்டுக்குப் போனது. யார் குறை சொல்வார்கள்?

யாருக்காகத் திருடினாளோ, அவளையே அந்த ஏழு நிமிடம் வெளியே நிறுத்திவிட்டது.

நாலரைக்கு மெயின்பிரேம் எழுந்தது. இரண்டு நிமிடத்தில் மகளிடமிருந்து அழைப்பு: "உள்ள போயிட்டேன்மா! கெடச்சிடுச்சு!"

கதையை இங்கே முடிக்கலாம். அவள் விரும்பும் முடிவும் இதுதான். ஆனால் அவள் மாற்றச் சொன்னது கடிகாரம் தள்ளிய விஷயத்தை இல்லை. "அதை எழுது, எனக்கென்ன வெக்கம்? உன்னைப் பத்தின அந்த ஒண்ணை மட்டும் விட்டுடு" என்றாள்.

அந்தக் காப்பகம் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. நான் வீட்டில்தான் இருந்தேன். கூட்டிவரும் பொறுப்பு என்னுடையது. கதை எழுதுகிற மும்முரத்தில் இரண்டு தடவை மறந்துவிட்டேன். இரண்டாவது தடவை, பூட்டிய கதவின் படிக்கட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை தனியாக உட்கார்ந்திருந்தது. மறுநாள்தான் அவள் நாற்காலிமேல் ஏறினாள்.

[இதை எழுதாதேன்னுதானே சொன்னேன். — அவள்]

6

அதிகாரிக்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த வரியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். யார் பெயரைப் போடுவீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

போடுமுன் இந்தக் கதையையும் ஒரு டோக்கனாகச் சரிபார்த்துவிடுங்கள். கொடுத்தது அவள். முத்திரை என்னுடையது. நேரம்தான் இடிக்கிறது, மன்னிப்புக் கேட்கப் பதினாலு வருடம் தாமதம். உள்ளே விடுவதும் விடாததும் உங்கள் —

[விட்டாச்சு. சாப்பிட வா. — அவள்]

அவள் விடுவாள். நான் உங்களைக் கேட்கிறேன்.