பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில்

வீட்டில் அவனைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். ஆள் தொண்ணூறு கிலோ. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. பெற்றோர் காலத்துக்குப் பிறகு பூட்டியே கிடந்த வீட்டைத் தன் கையாலேயே சரிசெய்யப்போவதாக அவன் அறிவித்தபோது, தையல் கடை வைத்திருக்கும் அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீயா? சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போய் டியூபை வெடிக்க வெச்சவன்டா நீ!"

சிரித்து முடித்ததும் நிபந்தனை போட்டாள். வீட்டில் பாதி அவளுடையது. "உன் லீவு முடியறதுக்குள்ள ஒரே ஒரு ரூமை மனுஷன் குடியிருக்கிற மாதிரி ஆக்கிக் காட்டு. முடியலன்னா வித்துடுவோம். மறுபேச்சு கிடையாது."

ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரர் முன்னால் பல்லைக் காட்டி நிற்கும் வாடகை வாழ்க்கை குட்டிக்கு அலுத்துப்போயிருந்தது. தன் சுவர், தன் சுத்தியல், தன் இஷ்டம் என்று வாழ ஆசை. சுத்தியலை வாங்கிவிட்டான். மற்றதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான்.

சமையலறைக் குழாயை அவன் திருகினால் குளியலறையில் தண்ணீர் பீறிட்டது. வெள்ளைப் பட்டி மாவு பூசியதில் பாதி சுவருக்குப் போனது, மீதி அவன் தலைக்கு. "பாவம், என்ன கஷ்டமோ, ஒரே வாரத்துல நரைச்சுட்டீங்களே" என்று எதிர்வீட்டுக்காரர் துக்கம் விசாரித்தார். உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துத் தேய்த்து விரல்ரேகை அழிந்து, அவனுடைய போனே அவனை யாரென்று கேட்டது. ஆனால் சந்தோஷமோ சந்தோஷம். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் விசிலடித்தான்.

லீவின் கடைசி நாள் முன்னறை தயார். இடுப்பளவு பச்சை, அதற்கு மேல் வெள்ளை. கதவுக்கும் நிலைக்கும் எனாமல் பெயிண்டை அள்ளி அப்பியிருந்தான். கைப்பிடியில் பெயிண்ட் படக்கூடாதென்று அதைக் கழற்றி ஹாலில் பத்திரமாக வைத்திருந்தான். அந்த ஒன்றைத்தான் அவன் பொறுப்பாகச் செய்திருந்தான்.

அக்கா வந்தாள், கழுத்தில் அளவு நாடாவோடு. பின்னாலேயே வீட்டு புரோக்கர். அவர் ஹாலில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"இவரை எதுக்குக்கா கூட்டிட்டு வந்தே?"

"கையோட பேசி முடிக்கத்தான்" என்றபடி அக்கா முன்னறைக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தாள். பச்சையும் வெள்ளையும் சேரும் கோடு ஏறி, இறங்கி, மூலையில் போய்த் தடுக்கி விழுந்திருந்தது. "என்னடா இது? சுவரா, கடலா?"

"கண்ணாலயே அளந்தேன்க்கா."

"எந்தக் கண்ணால?"

புரோக்கர் காதில் விழாமல் திட்டுவதற்காக அவள் கதவை அறைந்து சாத்தினாள். அதோடு சரி. காயாத எனாமல் கதவையும் நிலையையும் கெட்டியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து இழுக்கக் கைப்பிடி இல்லை. ஜன்னலில் இரும்புக் கம்பி. புரோக்கரோ போன் வந்து தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார். இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு நாய் மட்டும் பதில் சொன்னது.

"சிரிச்சே, கொன்னுடுவேன்" என்று சொன்ன அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கண் மறுபடி அந்தக் கோட்டுக்கே போனது. கோணல் தையலைப் பார்த்தால் பிரிக்காமல் தூங்க மாட்டாத பிறவி அவள். இடுப்பிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்தாள்.

"நாடாவோட அந்த முனையைப் பிடி. எங்க உயரமா இருக்கோ அதுக்கு எல்லாத்தையும் ஏத்திடலாம். பிடிடான்னா! ஏன் ஆடறே?"

"மூச்சு விடறேன்க்கா."

"அப்புறம் விடலாம்."

கோடு நேரானது. பிரஷ் அவள் கைக்குப் போனது. பச்சைப் பெயிண்ட் டப்பாவை ஏந்திக்கொண்டு குட்டி அவள் பின்னாலேயே நகர்ந்தான். "இந்த ரூம்ல வெளிச்சம் நல்லா விழுதுல்ல?" என்று அவள் சுவரைப் பார்த்தே கேட்டாள். அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கே தோன்றியது.

அப்போதுதான் புரோக்கர் திரும்பி வந்தார். "உள்ள மாட்டிக்கிட்டீங்களா? பயப்படாதீங்கம்மா, தள்ளிடறேன்!" என்றவர் ஹாலின் கடைசியிலிருந்து ஓடி வந்து தோளால் முட்டினார். கதவு படாரென்று திறந்தது. அவரால்தான் நிற்க முடியவில்லை. கால் இடறி, முழங்காலில் சறுக்கியபடி நேரே போய்ச் சுவரில் அப்பிக்கொண்டார். விலகியபோது சட்டை, மீசை, பாதி நெற்றி எல்லாம் பச்சை. சுவரில் பாதி ஆள் அளவுக்கு ஒரு தழும்பு.

"யோவ்! கண்ணு தெரியலையா?" அக்கா பிரஷ்ஷை ஓங்கினாள். "இப்பதான்யா அடிச்சோம்! எங்க வீட்டுச் சுவரை இப்படி நாசம் பண்ணிட்டியே!"

புரோக்கர் மீசையைத் துடைத்தபடி கேட்டார்: "அப்ப... வீடு விக்கிறீங்களா, இல்லையாம்மா?"

"விக்கிறதா? இதை யாரு சரி பண்றது? தள்ளுய்யா அந்தப் பக்கம்!"

அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வந்ததில் குட்டிக்கு விக்கல் எடுத்தது.

"நாளைக்கு உன் டூட்டி முடிஞ்சதும் அடுத்த ரூமு" என்றாள் அக்கா, திரும்பாமலே. "நான் வர்றதுக்கு முன்னாடி எதையாவது தொட்டே, தொலைஞ்சே."

"சரிக்கா" என்று சொல்ல வாயெடுத்தான். விக்கல்தான் வந்தது. வீடு கிடைத்துவிட்டது. அதில் அவன் பேச்சு இனி எடுபடப் போவதில்லை, அவ்வளவுதான்.