காலால் பிறந்தவள்

என் மகள் மிதுஷா காலால் பிறந்தவள். தலை வரவேண்டிய இடத்தில் முதலில் கால்கள் வந்தன. அவளைப் பெற்ற அன்றே என் மனைவி தர்சனா இறந்தாள். இரத்தம் நிற்கவில்லை என்றார்கள். ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து நானும் மகளும் கடற்கரை ஊரான உடப்பில் தர்சனாவின் பெற்றோருடன் இருக்கிறோம். நான் முந்தல் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன்.

காலால் பிறந்த பிள்ளை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மிதுஷா நடக்கத் தொடங்கியதும் ஆட்களும் வரத் தொடங்கினார்கள். கரைவலை இழுத்து இடுப்புப் பிடித்தவர்கள், வாளி தூக்கிச் சுளுக்கியவர்கள். சிலாபத்திலிருந்துகூட வந்தார்கள். வந்து குப்புறப் படுப்பார்கள். மாமி கனகம்மா பிள்ளையின் உள்ளங்காலில் நல்லெண்ணெய் பூசி, கைகளைப் பிடித்து முதுகில் ஏற்றி இறக்குவார். சிலர் சிரித்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். சிலர் வந்தபடியே போனார்கள். நான் தடுக்கவில்லை. அந்த வருடங்களில் எதைப் பற்றியும் நான் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை.

தை மாதத்தில் மாமாவுக்கு முதுகு உடைந்தது. மாமா குலசேகரம் எழுபதைத் தாண்டியவர். கரைக்குத் திரும்பிய வள்ளம் ஓர் அலையில் ஏறித் தொப்பென்று விழுந்தது. முன்பலகையில் உட்கார்ந்திருந்தவர் உட்கார்ந்தபடியே இடிபட்டார். கூடப் போன இளைஞர்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேர் அவரைத் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"பிடிச்சிட்டுது. மிதுஷாவைக் கூப்பிடு" என்றார்.

மிதுஷா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதனால் மட்டும்தான் செய்தி கேட்டு வந்த என்னால் அவரை ஆஸ்பத்திரிக்கு முச்சக்கரவண்டியில் ஏற்ற முடிந்தது.

எக்ஸ்ரே படத்தை டொக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்புக்குச் சற்று மேலே ஓர் எலும்பு முன்பக்கம் நசிந்து ஆப்புப் போல இருந்தது. வயதால் எலும்பு மெலிந்துவிட்டது என்றார். சத்திரசிகிச்சை தேவையில்லை, பெல்ட்டும் பயிற்சியும் போதும் என்றார். ஆனால் உடைந்த துண்டு நரம்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன்மேல் பாரம் விழக் கூடாது.

"விழுந்தால்?"

"இரண்டு காலும் போகலாம்."

வீட்டில் அதை அப்படியே சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் மிதுஷாவின் கால்களைப் பார்த்தார்.

பயிற்சி கொடுக்க ஷம்லா வந்தார். தில்லையடியைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். கிழமைக்கு இரண்டு தடவை ஸ்கூட்டரில் வருவார். முதல் நாள் முழுவதும் கட்டிலிலிருந்து எழும்புவதை மட்டுமே பழக்கினார்.

"உடம்ப முறுக்காதீங்க மாமா. முழங்கால மடிங்க. தோளும் இடுப்பும் ஒண்டாத் திரும்பணும், மரக்குத்தி உருளுற மாதிரி. இப்ப கைய ஊண்டி எழும்புங்க."

"மரக்குத்திதான் பிள்ளை. இனி அடுப்புக்குத்தான் உதவும்."

"அடுப்பு விறகு இவ்வளவு கதைக்காது."

பிறகு சுவரோடு முதுகை ஒட்டி நிறுத்தி, கைகளை மெல்ல மேலே வழுக்கச் சொன்னார்.

"பொலிஸ் பிடிச்ச கள்ளன் மாதிரி நிக்கிறன்."

"கள்ளன் எண்டா நேரா நில்லுங்க. குனிஞ்சா மாட்டிக்குவீங்க. இன்னொண்டு, கீழ கிடக்கிறத எடுக்கவும் குனியாதீங்க. குனிஞ்சு முறுக்கிறதுதான் இந்த எலும்புக்கு எமன்."

மாமா சொன்னபடி செய்தார். மாசி முடியும்போது வாசல்வரை நடந்தார். பங்குனியில் கடற்கரையின் விளிம்புவரை போய், மற்றவர்கள் வலை இழுப்பதைப் பார்த்து நின்றார். வலி மட்டும் முழுதாகப் போகவில்லை. இரவுச் சாப்பாட்டில் ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஷம்லா நல்ல பிள்ளைதான். ஆனா இது இழுபட்டுக்கொண்டே போகுது. வீட்டுக்குள்ள மருந்தை வைச்சுக்கொண்டு ஏன் கிடந்து நோவான்?"

"மாமா, அது பிடிப்பு இல்லை. எலும்பு உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சாலும் பிடிச்சாலும் நோவு ஒண்டுதானே தம்பி."

மாமி என் தட்டில் மீன் துண்டு ஒன்றை வைத்தார். "அந்தக் காலுக்காக என்ர பிள்ளை உயிரைக் குடுத்தவள். ஊருக்கெல்லாம் உதவின கால் அவளைப் பெத்த அப்பனுக்கு உதவக் கூடாதோ?"

"மிதுஷா இனி ஒருத்தரையும் மிதிக்க மாட்டாள்" என்றேன்.

"வாத்தியார் சட்டம் போட்டிட்டார்" என்று மாமா சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

அதன் பிறகு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாக இல்லை.

ஒரு மாலை மிதுஷா கேட்டாள்: "அப்பா, நான் எவ்வளவு பாரம்?"

"ஏன்?"

"அம்மம்மா கேட்டவ. அரிசிப் பையிலயும் பாரமோ எண்டு."

இன்னொரு நாள் அவள் அறையில் ஒரு தலையணைமேல் ஒற்றைக் காலில் நின்றாள். கைகள் இரண்டும் விரிந்திருந்தன. தலையணை அமுங்காமல் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"மெதுவா மிதிச்சுப் பழகுறன்."

யார் பழகச் சொன்னது என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம். அது இரகசியமாம்.

ஷம்லாவிடம் சொன்னேன். அவர் பயிற்சியை நிறுத்திவிட்டு மாமாவின் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மாமா, அந்தப் புள்ளைட பாரம் போதும் உங்கள வாழ்நாள் பூராப் படுக்க வைக்க. பெறகு அதுக்கு ஆரு பதில் சொல்ற? அந்தப் புள்ளையா?"

மாமா தரையைப் பார்த்தார். "சரி பிள்ளை, விளங்குது" என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை.

மிதுஷாவின் பள்ளிக்கூடம் என் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் விட்டுவிடும். நான் வந்து கூட்டிப்போகும்வரை அவளை வகுப்பில் வைத்திருக்கும்படி அவளுடைய ரீச்சரிடம் கேட்டேன். அது கொஞ்சக் காலம் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் விசேசம் என்று பள்ளிக்கூடத்தை நேரத்தோடு மூடினார்கள். எனக்குத் தெரியாது. பாட இடைவேளையில் போனைப் பார்த்தபோது ரீச்சரின் செய்தி கிடந்தது. பிள்ளையை அம்மம்மா வந்து கூட்டிப் போய்விட்டாராம்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பள்ளி அதிபரிடம் சொல்லவும் இல்லை.

வீட்டில் சத்தமில்லை. பகலில் எப்போதும் பாடும் ரேடியோவும் நின்றிருந்தது. மிதிக்கும்போது இந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மாமாவின் பெல்ட் கதிரைக் கையில் தொங்கியது. அவர் பாயில் குப்புறக் கிடந்தார். முதுகில் எண்ணெய் மினுங்கியது. பக்கத்தில் ஒரு முக்காலி. மிதுஷாவின் இடது கால் முக்காலியில் இருந்தது. வலது கால் அவருடைய முதுகில், அந்த எலும்பு இருக்கும் இடத்தில். மாமி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்திருந்தார். மூன்று பேரும் என்னைக் காணவில்லை.

சத்தம் போட்டால் பிள்ளை திடுக்கிடுவாள். திடுக்கிட்டால் முழுப் பாரமும் இறங்கும். பின்னால் போய், அக்குளுக்குள் கை கொடுத்து, அவளை நேராக மேலே தூக்கினேன். எண்ணெய்க் கால் வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாதியில இறக்காத!" மாமி கத்தினார். "ஒரு காலோட நிப்பாட்டக் கூடாது. பிடிப்பு உள்ளுக்க போயிடும்!"

"மாமி, அது எலும்பு."

"தா அவளை இங்க!"

மாமி பிள்ளையின் காலைப் பிடித்தார். நான் விடுவித்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

"தம்பி, கொண்டா பிள்ளையை."

நான் நிற்கவில்லை.

"தர்சனா தந்திட்டுப் போனதடா அது! நீ ஆர் மறிக்க?"

திறந்த கதவு வழியே திரும்பிப் பார்த்தேன். அவர் எழும்பினார். ஷம்லா பழக்கியதுபோல உருண்டு எழும்பவில்லை. கோபத்தில் கைகளை ஊன்றி, இடுப்பை முறுக்கி, குனிந்து எழும்பினார். எலும்பின் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவருடைய பேச்சு நடுவில் நின்றது. அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் பக்கத்துக் கதவுநிலையைப் பிடித்திருந்தார். மெல்ல, யாரோ இறக்கி வைப்பதுபோல, தரையில் உட்கார்ந்தார்.

"கனகம், என்ர கால் எங்க?" என்றார். தன் கால்களைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

ஆம்புலன்ஸ் அவரையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு போனது. நான் மிதுஷாவை மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திப் பின்தொடர்ந்தேன்.

"நான் மெதுவாத்தான் வைச்சனான் அப்பா."

"உன்னால இல்லை. தாத்தா பிழையா எழும்பினவர்."

அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். "மற்றக் காலையும் வைச்சிருந்தா?"

"வைச்சிருந்தாலும் சரிவராது."

அவள் நம்பவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

சில நாட்கள் மாமாவின் கால்களில் எந்த உணர்வும் இல்லை. சத்திரசிகிச்சை செய்வதா என்று டொக்டர்கள் யோசித்தார்கள். வீக்கம் வற்றட்டும், பார்க்கலாம் என்றார்கள். அந்தக் கிழமை ஷம்லா பார்க்க வந்தார். நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

"பெருவெரல அசைச்சுப் பாருங்க மாமா."

மாமா கண்களை மூடினார். நெற்றி நரம்பு புடைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஷம்லா பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். வலது பெருவிரல் அசைந்தது. சிறிதாக. எல்லோருக்கும் தெரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! வீக்கம் வத்துது, அதான். இன்னும் வரும். ஆனா மாமா, இன்னொரு தரம் அந்த எலும்பு நசுங்கினா எங்கட கையில ஒண்டும் இல்ல."

இடது காலையும் கேட்டுப் பார்த்தார். அது அசையவில்லை.

"எது அசைஞ்சது?" மாமா கேட்டார்.

"வலது" என்றார் ஷம்லா.

மாமா மாமியைப் பார்த்தார். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "பிள்ளை வைச்சதும் வலதுதானே."

ஷம்லா என்னைப் பார்த்தார். "மாமி, அப்பிடி இல்ல, கேளுங்க..." என்று தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. மாமா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மிதுஷாவிடம் நீட்டினார். நான் பிடிக்குமுன் அவள் என் பக்கத்திலிருந்து போய்விட்டாள்.

"வீட்ட வந்தாப் பிறகு இடதையும் வைச்சு விடுவியா குஞ்சு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம் தாத்தா" என்றாள். "மெதுவா வைப்பன்."