பெரிய கெமராவில் எடுத்த படங்கள்

2008இல் என்னுடைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கெமரா, நாலு படம் எடுத்தால் ஷட்டர் சிக்கி நின்றுவிடும் நிலைக்கு வந்தது. தலவாக்கலையில் கலியாணப் படம் எடுத்துப் பிழைப்பவனுக்கு அது சரிப்படுமா? லென்ஸ்கள் நன்றாக இருந்ததால் பாடியை மட்டும் மாற்ற முடிவு செய்தேன். மூன்று மாதம் சஞ்சிகைகளைப் புரட்டி, கண்டிக் கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, கடைசியில் கைக்கு அடக்கமான ஒன்றை வாங்கினேன். மலையேறத் தோது, படமும் தெளிவு. என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் வேலை திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சின்னராசா அண்ணனின் மகளுக்குக் கலியாணம். என் கையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்னாங்க தம்பி, இம்புட்டூண்டு கெமரா? பெரிசக் கொண்டு வரலையா?"

புதியதன் அருமையை விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பையில் கிடந்த பழையதை எடுத்து, ஸ்டாண்டில் பூட்டி, மணவறைக்கு எதிரே நிறுத்தினேன். அவருக்குச் சந்தோசம். நான் ஓரமாக நின்று புதியதில் எடுத்துத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பொண்ணு, மாப்பிள்ளை, ஐயர் உட்பட எல்லோரும் அந்தச் செத்த கெமராவைப் பார்த்தே சிரித்திருந்தார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.

பயந்துகொண்டேதான் ஆல்பத்தைக் கொடுத்தேன். சின்னராசா அண்ணன் ஒவ்வொரு பக்கமாக ரசித்துப் புரட்டினார்.

"பாத்தீங்களா தம்பி, பெரிசுல எடுத்தது எம்புட்டுத் தெளிவா இருக்கு! அந்தச் சின்னத வித்துருங்க."

"சரிங்கண்ணே" என்றேன்.