சிவப்பு ஆமணக்கு

“வாசல்ல அந்தச் செடி இருந்தா நானும் குழந்தையும் வரமாட்டோம்ப்பா” என்று மகள் போனில் சொன்னபோது, அவர் வெண்டைக்காயில் விளக்கெண்ணெய் விட்டதுபோல ஏதோ பேசிச் சமாளித்தார். எண்ணெய் ஆலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஆமணக்கின் எண்ணெய் மருந்து, விதை விஷம் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் அந்தச் சிவப்பு இலைச் செடி, மனைவி அழகுக்காக வைத்தது. அவள் போன பிறகு வீட்டில் தளிர்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். மகளும் வராவிட்டால் பேச்சுத் துணைக்குச் சுவர்தான்.

“ஒரு காய்கூட இல்லாம பாத்துக்கறேம்மா. இலை மட்டும் இருந்துட்டுப் போகட்டும்.”

முற்றிய குலைகளையெல்லாம் அன்றைக்கே அறுத்தார். பிறகு தினமும் பல் தேய்ப்பதற்கு முன்பே பிஞ்சுகளைக் கிள்ளிவிடுவார். இரண்டு வயதுப் பேத்தியோடு மகள் வந்து இறங்கியபோது செடியில் மருந்துக்குக்கூட ஒரு காய் இல்லை. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை உள்ளே வைத்தாள். அன்று அவர் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார்.

அறுத்த குலைகளைக் குப்பையில் போட மட்டும் மனசு வரவில்லை. மனைவி கை வைத்த செடியாயிற்றே. மொட்டைமாடியில் காயப் போட்டிருந்தார். ஆலைக்கு வருவதெல்லாம் உரித்த விதை, மூட்டை மூட்டையாக. காய் வெயிலில் வெடித்து விதையைத் தெறிக்கவிடும் என்பதை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

பின்பக்கத்துச் சிமெண்டுத் தரையில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தி, “தாத்தா, இந்தா” என்று உள்ளங்கையை விரித்தாள். பளபளவென்று, புள்ளி புள்ளியாக ஆமணக்கு விதைகள். அவர் அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒன்றுமில்லை. காலடியில் ஒரு விதை பாதியாகக் கிடந்தது, எச்சில் ஈரத்தோடு.

அவர் கத்தியதைக் கேட்டு, டாக்டருக்குப் போன் போட்டபடியே மகள் ஓடிவந்தாள். “மென்னாளா, முழுசா முழுங்கினாளான்னு டாக்டர் கேக்கறார். சொல்லுங்கப்பா.”

“தெரியலம்மா.”

“எங்கேருந்து வந்துது இது?”

அவர் மாடியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

“நீங்க வரவேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையோடு ஆட்டோவில் ஏறினாள்.

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். செடிக்கு ஒரு வெட்டே போதுமாக இருந்தது. பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் அடியில் உட்கார்ந்தார். அது அடிக்கவேயில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாடியில் டப்பென்று ஏதோ வெடித்தது. ஒரு விதை படிப்படியாகத் தத்தித் தத்தி இறங்கி வந்து, அவர் பாதத்தில் முட்டி நின்றது.