அட்மின் அண்ணன்

1

தோழி ஒருத்தி போனில் பொரிந்து தள்ளினாள்: "என் கம்ப்யூட்டர்ல எனக்கே வாடகைக்காரி மரியாதைதான்." அந்த வரியை இரவல் வாங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'அண்ணன் கெட்டவன். தங்கையின்'

வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொன்னால் அப்புறம் எனக்கென்ன வேலை?

2

டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் கதையின் தங்கைக்குத் தொழில். பார்வை கிடையாது. திரையில் இருப்பதைத் திரைவாசிப்பான் குரலில் படித்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதன் அட்மின் கணக்கோ அண்ணன் கையில். அவளுக்குச் சாதாரணக் கணக்கு. வேலை செய்யலாம், புதிதாக எதையும் நிறுவ முடியாது. திரைவாசிப்பானைக்கூடப் பென்டிரைவிலிருந்துதான் ஓட்டுகிறாள்.

[குறிப்பு: அப்படி ஓட்டினால் அதற்குப் பாதி வாய்தான். அட்மின் அதிகாரத்தோடு திறந்த விண்டோவுக்குள், அதாவது திரை ஜன்னலுக்குள், போனதும் வாயடைத்துவிடும். அலுப்பாக இருக்கிறதென்று தாண்டிவிடாதீர்கள், கதையே இதில்தான் இருக்கிறது.]

3

அன்று ஜன்னல் ஜன்னலாக மாற்றிக்கொண்டு போனாள். தட்டச்சு, மின்னஞ்சல், அடுத்தது... குரலே இல்லை. போன வாரம் வரை அந்த இடத்தில் எதுவும் இருந்ததில்லை. அட்மின் அதிகாரத்தோடு யாரோ எதையோ ஓடவிட்டிருக்கிறார்கள்.

சாப்பிடும்போது அண்ணன் சர்வசாதாரணமாகக் கேட்டான்: "அவ்ளோ தூரத்துல போய்த் தனியா எப்படிம்மா இருப்பே?"

வேறு ஊரில் வேலைக்கு இதே கம்ப்யூட்டரிலிருந்து மனுப் போட்டதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. 

(இங்கே அவன் முகத்தை மூன்று வரி வர்ணித்திருந்தேன். அவள் பார்க்காததை நான் மட்டும் பார்த்துவிட்டு உங்களிடம் கோள் சொல்வதா? சீ! எடுத்துவிட்டேன்.)

4

அண்ணனுக்காக வக்காலத்து வாங்கியும் பார்த்தேன். அண்ணி உளறியிருப்பாளோ? அண்ணிக்கே தெரியாதே. அந்தக் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்குப் பேசியிருப்பார்களோ? அவர்களிடம் இருப்பது அவளுடைய செல் நம்பர் மட்டும். ஒன்றும் தேறவில்லை. மிச்சமிருந்தது அந்தக் குரலில்லாத ஜன்னல்தான்: அவள் தட்டுவதையெல்லாம் அவனுக்குக் காட்டிக்கொடுக்கும் ஏதோ ஒன்று.

5

"அண்ணா, திரைவாசிப்பான ஒழுங்கா இன்ஸ்டால் பண்ணணும்."

"பென்டிரைவ்லதான் ஓடுதே. எதுக்கு வம்பு? வைரஸ் கிரஸ் வந்துடப் போவுது."

"பண்ணிட்டா எல்லா ஜன்னலையும் படிக்கும்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையுந்தான். ஒரு எடத்துல வாய மூடிக்குதே, அதையும்."

நாற்காலி கிறீச்சிட்டது. "உன் நல்லதுக்குத்தாம்மா பண்ணேன்..."

"எத?"

அவள் இன்னும் எந்தக் குற்றமும் சொல்லவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. 

"அட்மின் பாஸ்வேர்டச் சொல்லு. இனி நானே அடிச்சுக்கறேன்."

6

அவன் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறான் என்று ஒரு முடிவு எழுதினேன். பொய்யான ஒன்றைச் சொல்லி மழுப்புகிறான் என்று இன்னொன்று. இரண்டாவதைத்தான் நான் நம்பினேன். இருந்தாலும் அவள் மேலுள்ள பாசத்தில் முதலாவதை வைத்துக்கொள்ளப் போனேன்.

அவள் திரும்பினாள். அண்ணன் பக்கம் இல்லை, என் பக்கம்.

"அவனுக்குப் பதிலா நீங்க ஏன் சொல்றீங்க? இவ்ளோ நாளா எனக்குப் பதிலா அவன் முடிவு பண்ணான். இப்ப அவனுக்குப் பதிலா நீங்களா? கைய எடுங்க."

எடுத்துவிட்டேன். நீங்களும் தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அவள் விரல்கள் விசைகளின் மேல் இருக்கின்றன. அண்ணன் தொண்டையைச் செருமுகிறான்.